சாச்சா அனுப்பிய ஜப்பான் படம்

போன மாதம் என் மகள் கம்ப்யூட்டரில் எதையோ படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னடி என்று கேட்டேன். பழைய ஜப்பான் வாள்சண்டைப் படம் ஒன்றை வீட்டில் போட்டுப் பார்க்கிற மாதிரிப் புதிதாக டிவிடியில் விட்டிருக்கிறார்களாம். வாங்கிப் பார்த்தவர்கள் ஆளாளுக்கு அபிப்பிராயம் எழுதியிருக்கிறார்களாம். ஒருவர் ரத்தம் சாயத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்கிறார். இன்னொருவர், எடுத்தவன் கையில் காசே இருந்திருக்காது, செத்தவனே மறுபடி மறுபடி வந்து சாகிறான், ஆனாலும் நான் இதை இருபது தடவை பார்ப்பேன் என்கிறார். மூன்றாவது ஆளுக்குப் பயங்கரக் கோபம். கடைசிக் காட்சி பொசுக்கென்று முடிந்துவிடுகிறதே, மிச்சத்தை எவன் வெட்டினான் என்று சண்டைக்கு நிற்கிறார்.

மகள் அட்டைப் படத்தைக் காட்டினாள். புருவத்தில் தழும்போடு, தோளில் வாளைச் சாய்த்துக்கொண்டு நிற்கிற அந்த மனிதனை எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். "அடியே, இது எங்க சாச்சா அனுப்புன படம்ல!" என்று கத்திவிட்டேன். அபிப்பிராயமாம் அபிப்பிராயம்! அந்தப் படத்தைப் பற்றி எங்கள் தெருவில் பேசாத வாய் உண்டா? அதை வைத்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கே தீர்ந்திருக்கிறது.

ஏர்வாடிக்குப் போகிற வழியில் கடலோரத்து ஊர் எங்களுடையது. எங்களில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து வெளியே அனுப்புவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்த கொஞ்ச நாளில் சபுருக்குக் கிளம்பிவிடுவார். சபுர் என்றால் கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போவது. என் வாப்பா துபாயில் இருந்தார். உம்மாவின் தங்கையான சாச்சியின் மாப்பிள்ளை, அதாவது என் சாச்சா, சவுதியில் இருந்தார். ஆக வீட்டில் இருந்தது உம்மா, சாச்சி, நான் மூன்று பேர்தான். உம்மாவின் அண்ணன்மார் இரண்டு பேரும் அவரவர் பெண்சாதி வீட்டில் குடியிருந்தாலும் பகல் பொழுதில் பாதி எங்கள் வீட்டு முகப்பில்தான் கழியும். பெரியமாமா சொன்னால் வீட்டில் அதுதான் சட்டம். சின்னமாமா கொஞ்ச காலம் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கப்பல் ஏதோ ஒரு தடவை ஜப்பானில் நின்றிருக்கிறது. அதிலிருந்து அவர் வாயைத் திறந்தாலே "ஜப்பான்ல எப்படின்னா" என்றுதான் தொடங்குவார். கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசினாலும் அப்படித்தான்.

சாச்சாவுக்கும் சாச்சிக்கும் கல்யாணம் முடிந்து இரண்டு மாதம்கூட அவர் இங்கே இருக்கவில்லை. போன பிறகு பேசிப் பதிந்து கேசட் அனுப்புவார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கடுதாசி எழுத யாருக்குப் பொறுமை இருந்தது? டேப் ரெக்கார்டரைக் கூடத்தின் நடுவில் வைத்துச் சுற்றி உட்காருவோம். அது சலாம் சொன்னால் பதில் சலாம் சொல்வோம், நல்லா இருக்கீகளா என்று கேட்டால் நல்லா இருக்கோம் என்போம். சாச்சா பெரியமாமாவின் மூட்டுவலியை விசாரிப்பார். எனக்கு ஓதல் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்பார். சாச்சியின் முறை வரும்போது ஒரு இருமல் இருமிவிட்டு, கிணற்று மோட்டாரைச் சும்மா போட்டு வைக்காமல் வாரம் ஒருக்கா ஓடவிடச் சொல்லுங்கள் என்பார். அவ்வளவுதான். சாச்சி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். மறுநாள் அந்தக் கேசட்டை என் கையில் கொடுத்து, பாட்டுப் பதிய வேணுமானால் வச்சுக்கோ என்பாள். இப்படி ஒரு சாச்சி யாருக்குக் கிடைப்பாள் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

மூன்றாவது வருஷம் கேசட் நின்றது. ஆள் என்ன ஆனார், அங்கேயே வேறு நினைப்பு வந்துவிட்டதா என்று தெருவில் பேச்சுக் கிளம்பியது. பெரியமாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "நோன்புப் பெருநாளைக்குள்ள அந்த மனுசன்கிட்டருந்து ஒரு பேச்சு வரணும். வரலேன்னா ஜமாஅத்துல சொல்லிப் பிரிச்சு விட்டுருவேன். என் தங்கச்சிக்கு என்ன குறை?" என்று சொல்லிவிட்டார். சின்னமாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. சாச்சா அவருடைய சேக்காளி. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். பிரிந்தால் அந்தச் சொல் ஆயுசுக்கும் அவர் தலையில் விழும். சாச்சி என்ன நினைக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. பெண்ணிடம் கேட்பது எங்கள் வழக்கத்தில் கடைசியாக, எல்லாம் முடிவான பிறகுதான்.

அந்த நேரத்தில்தான், நோன்பு பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், சாச்சாவோடு வேலை பார்க்கிற பாம்பன்காரர் ஒருவர் ஊருக்கு வந்தவர் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். சோப்பு, தைலம், ஒரு பூத்துவாலை. துவாலைக்குள் கறுப்பாக, பெரிதாக, செங்கல் போல ஒரு வீடியோ கேசட். "எல்லாரும் உக்காந்து பாக்கச் சொன்னாக" என்றுவிட்டு அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

நாங்கள் செய்த தப்பை வேறு எந்த ஊர்க்காரரும் செய்திருக்க மாட்டார்கள். சின்னக் கேசட்டில் குரல் வருமென்றால் பெரிய கேசட்டில் ஆளே வருவார்! இதில் என்ன சந்தேகம்? பெரியமாமா தானே எதிர்வீட்டுக்குப் போய் டிவியையும் டெக்கையும் இரவல் கேட்டார். அவர்கள் மெட்ராஸ் போகிற அவசரத்தில், திரும்பி வரும்வரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டார்கள். உம்மா முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டலப்பம் அவித்தாள். சாச்சிக்குக் கல்யாணச் சேலையை எடுத்து உடுத்திவிட்டாள். எனக்குக்கூடப் பூ வைத்தார்கள். அவர் எங்களைப் பார்க்கப் போவதாகவே நினைப்பு.

படம் ஓடத் தொடங்கியது. கோழி கிளறியது போல எழுத்து வந்தது. பிறகு ஒரு மொட்டைக் குன்று. அதிலிருந்து ஒருவன் வாளோடு இறங்கி நேராக எங்களைப் பார்த்து வந்தான். சொல்லிக் கொடுத்திருந்தபடி நான் எழுந்து நின்று அவனுக்குச் சலாம் சொன்னேன். "இது விளம்பரமா இருக்கும், அவுக பின்னால வருவாக" என்றாள் உம்மா. காத்திருந்தோம். ஆட்கள் வெட்டுப்பட்டு விழுந்தார்கள், விழுந்தவர்களே இன்னொரு பக்கத்திலிருந்து எழுந்து வந்தார்கள். ஏதாவது கூட்டம் வந்தால் உம்மா டிவிக்குப் பக்கத்தில் போய், இதில் எங்கேயாவது நிற்கிறாரா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தாள். படம் முடிந்தது. சாச்சா வரவேயில்லை.

பெரியமாமா எழுந்துவிட்டார். "நான் பேச்சுக் கேட்டேன். கூத்து அனுப்பியிருக்கான். முடிஞ்சு போச்சு" என்றார். அவர் செருப்பைத் தேடுவதற்குள் சின்னமாமா கையைப் பிடித்துக்கொண்டார். காக்கா என்றால் எங்களில் அண்ணன். "உக்காருங்க காக்கா. இதுல பேச்சு இருக்கு. ஒங்களுக்கு ஜப்பான் தெரியாது, அதான் வெளங்கல."

படத்தை முதலிலிருந்து போட்டார். அன்றைக்கு அவர் பேசிய ஜப்பான் மாதிரி ஒன்றை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. வாள்காரன் ஒரு வேலைக்காரனாம். பெண்சாதியைக் கடலோரத்தில் விட்டுவிட்டுப் பிழைக்க வந்தவனாம். முடியை உச்சியில் முடிந்த கிழவன்தான் கபீல், அதாவது வேலைக்கு வைத்திருக்கிற முதலாளி. அவன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஊருக்கு விட மாட்டேன் என்கிறான். அதைக் கேட்டுத்தான் இந்தச் சண்டையெல்லாம். பெரியமாமாவுக்கு மெதுவாக முகம் மாறியது. அப்படியானால் இதை வாயால் பேசியே அனுப்பியிருக்கலாமே என்று கேட்டார். "அங்கன பேசுன கேசட்டைப் போலீசு போட்டுக் கேப்பான் காக்கா. கபீலைப் பத்தி ஒரு வார்த்த வந்தாலும் உள்ள தூக்கி வச்சிருவான். அதான் மச்சான் படத்துல வச்சு அனுப்பியிருக்காரு." பெரியமாமா செருப்பை மறந்துவிட்டு உட்கார்ந்தார்.

கடைசிக் காட்சியைச் சொல்ல வேண்டும். எல்லோரையும் வெட்டி முடித்த பிறகு அந்த மனிதன் காலை இழுத்து இழுத்து நடந்து கடலோரத்து வீட்டுக்கு வருகிறான். வாசலில் அவன் பெண்சாதி நிற்கிறாள். அவனைப் பார்க்கிறாள், ரொம்ப நேரம் பார்க்கிறாள். அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. பிறகு கதவை இழுத்துச் சாத்துகிறாள். அவ்வளவுதான், எழுத்துப் போட்டுவிட்டார்கள்.

"மாமா, அவ ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டேன்.

சின்னமாமா ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். ஜப்பானில் புருஷன் சபுரிலிருந்து வந்தால் பெண்சாதி அழுக்கு உடுப்போடு எதிரே நிற்க மாட்டாளாம். கதவைச் சாத்திக்கொண்டு குளித்து, நல்லது உடுத்தி, பிறகுதான் திறப்பாளாம். அதுதான் அங்கே மரியாதையாம். "நான் அங்கன கண்ணால பாத்துருக்கேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். நாங்கள் நம்பினோம். ஆம்பிளைச் சத்தம் கேட்டதும் கதவுக்குப் பின்னால் ஒதுங்குகிற பெண்களைத் தினமும் பார்க்கிற எங்களுக்கு அதில் அதிசயம் என்ன? "மாஷா அல்லாஹ், மானமுள்ள பொம்பளை" என்று உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விஷயம் தெருவில் பரவியது. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் பெண்கள் கூட்டமாக வந்துவிடுவார்கள். வெளிப்பெண்கள் இருக்கும் இடத்தில் சின்னமாமா உட்கார முடியாது. அவர் முகப்பில், திரைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டு மொழிபெயர்த்தார். திரை ஓரத்தில் நான் உட்கார்ந்து, மாமா இப்ப குதிரை வருது, மாமா இப்ப கபீல் சிரிக்கிறான் என்று எடுத்துக் கொடுப்பேன். சில நாள் குதிரை போன பிறகும் அவர் குதிரையிலேயே இருப்பார். யாரும் குறை சொல்லவில்லை.

அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. மீன் விற்க வருகிறவள் கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்து பார்த்து, "அம்மாடி, முழுச் சீலா மீனை அறுத்தாக்கூட இம்புட்டு ரத்தம் வராது. சர்பத்தக் கரைச்சு ஊத்தியிருக்கான்" என்றாள். எங்களுக்கு ஓதிக் கொடுக்கிற ஆலிம்சாவின் பெண்சாதிக்கு, ஒரே ஆள் எத்தனை தடவை மவுத்தாவான் என்பதுதான் கவலை. பக்கத்து வீட்டு மாமி, அந்த வாள்காரன் நடையில் சாச்சாவின் சாயல் அடிக்கிறது என்று சத்தியம் செய்தாள். ஆனால் கதவைச் சாத்திய அந்தப் பெண் நல்லவள் என்பதில் தெரு முழுக்க ஒரே பேச்சு. சாச்சி எல்லோருக்கும் தேயிலை கொடுத்துவிட்டுப் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்து பார்ப்பாள்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது உம்மா வீட்டில் இல்லை. சாச்சி தனியாக டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கடைசிக் காட்சியை மட்டும் ஓட்டினாள், பின்னால் தள்ளினாள், மறுபடி ஓட்டினாள். டெக் கெட்டுப்போச்சா சாச்சி என்று கேட்டேன். "இல்லடி, நல்லாத்தான் ஓடுது" என்றாள்.

நோன்பு வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும் பெரியமாமா ஜமாஅத்துப் பெரியவர்கள் இரண்டு பேரை அழைத்து வந்தார். அவர் மனசு ஏறக்குறைய மாறியிருந்தது. இருந்தாலும் நாளைக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாதே, பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்றார். ஆண்கள் முகப்பில் உட்கார்ந்தார்கள். திரை போட்டாயிற்று. பெரியவர்கள் முன்னால் சாச்சி வந்து பேச முடியாது. ஒரு சின்னப் பிள்ளைதான் போய்க் கேட்டு வந்து சொல்ல வேண்டும், அது நான்தான். மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கச் சம்மதமா, இல்லை பிரித்து விட்டுவிடலாமா என்று கேட்டு வரச் சொன்னார்கள். மறந்துவிடாமல் இருக்க அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினேன்.

சாச்சி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் மடித்த சேலையை உதறி மறுபடி மடித்தாள். பிறகு என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "அந்தப் படத்துல கடைசியா அந்தப் பொம்பளை செஞ்சாள்ல, அதுதான் சரி. என் புருசன் வந்தா நானும் அதைத்தான் செய்வேன். இதை அப்படியே சொல்லு. சின்னக்காக்காவுக்கு நல்லாக் கேக்குற மாதிரிச் சொல்லு."

அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பெரியமாமாவின் முகம் அப்படியே மலர்ந்துபோனது. "அல்ஹம்துலில்லாஹ்! குளிச்சு முழுகி, உடுத்தி, கதவைத் தெறப்பேங்குறா. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். பெரியவர்களில் ஒருவர், ஜப்பான்காரன் படமானாலும் நல்ல புத்தி சொல்லியிருக்கிறான் என்று மெச்சினார். துஆ ஓதினார்கள். உம்மா அடுப்படியில் தயாராக வைத்திருந்த வட்டலப்பம் முகப்புக்குப் போனது.

சாச்சா மறு வருஷம் வந்தார். கபீலும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. டேப் ரெக்கார்டர் கெட்டுப்போய்விட்டது, பழுது பார்க்கச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான். காரை விட்டு இறங்கி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே சின்னமாமாவின் முதுகில் தட்டி, "எப்படி மச்சான் படம்? ஜப்பான் ஜப்பான்னு அடிச்சுக்குவியே, ஒனக்குன்னுதான் குடுத்துவிட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாச்சி உள்ளே தேயிலை போட்டுக்கொண்டிருந்தாள், அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. இன்றைக்கும் அவர்கள் இருவரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். சாச்சாவைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாச்சியை யாராவது கேட்டால், இருக்கோம் என்பாள். சின்னமாமா மட்டும் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஜப்பானைப் பற்றி வாயே திறக்கவில்லை. வயசாகிவிட்டது, அடங்கிவிட்டார் என்று உம்மா சொல்வாள்.

அந்த வெள்ளிக்கிழமையில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. எல்லோரும் தின்றுகொண்டிருக்கும்போது சின்னமாமா கையில் எடுத்த வட்டலப்பத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சாச்சி சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். "எனக்குக் கேக்குற மாதிரிச் சொல்லச் சொன்னாளா? அப்படியேவா சொன்னா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் திரையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். "ஏலே, என்ன யோசனை?" என்றார் பெரியமாமா. சின்னமாமா பெரியவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல காக்கா" என்றார்.

உள்ளே போனேன். சாச்சி கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். "காக்காவுக்குக் கேட்டுச்சா?" என்று கேட்டாள். நல்லாக் கேட்டுச்சு, ரெண்டு தடவை சொன்னேன் என்றேன். "வேற ஏதாச்சும் சொன்னாகளா? பெரியவுக முன்னால?" ஒண்ணும் சொல்லவில்லை, ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாக என்றேன். சாச்சி அப்படியே கீழே உட்கார்ந்தாள். என்னை இழுத்து, பூ வைத்திருந்த என் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். வெளியே கேட்டுவிடக் கூடாதென்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அதுவரை சாச்சி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது. வீட்டில் நான்தான் பெரிய மனுஷி மாதிரி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அழாதீங்க சாச்சி, சாச்சா வந்துருவாக" என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் இன்னும் அதிகமாக அழுதாள். நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கண்டிப்பா வந்துருவாக, கண்டிப்பா வந்துருவாக என்று அவள் காதோடு சொல்லிக்கொண்டே இருந்தேன்.